புதிய நாடகங்களை எங்கே தேடுவது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நான் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழுவும் வைத்திருக்கிறோம். பாடத்திட்டத்தில் உள்ளவற்றையும் நாடகாசிரியர் குழந்தை சண்முகலிங்கம் ஐயாவின் பிரதிகளையும்தான் திரும்பத் திரும்பச் செய்துவருகிறோம். புதிதாக எழுத வந்தவர்களின் மேடை நாடகங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா? எங்கள் போரையும் புலம்பெயர்வையும் பற்றியவையாக இருந்தால் நல்லது. ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மெதுவாக வாசிப்போம். கையில் காசு இல்லை. மண்டப வாடகையே பெரிய சோலி.

த., கொக்குவில்

அன்பின் த.,

நீங்கள் கேட்டது போரையும் புலம்பெயர்வையும் பற்றிய நாடகங்கள். நான் முதலில் சொல்லப் போவதில் போரும் இல்லை, தமிழரும் இல்லை. அது ஈரானில் நடக்கிறது.

பெயர் ‘இங்கிலிஷ்’. எழுதியவர் சனாஸ் தூஸி, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஈரானியப் பெண். பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு படிக்கும்போது எழுதிய பிரதி இது. ஈரான் உட்படச் சில முஸ்லிம் நாட்டவர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று அங்கே தடை போட்ட காலத்துக் கோபம் அதன் பின்னால் இருக்கிறது. 2022இல் நியூயோர்க்கில் மேடையேறி, 2023இல் புலிற்சர் பரிசு பெற்றது.

கதை நடக்கிற இடம் ஈரானின் கராஜ் நகரில் ஒரு ரியூசன் வகுப்பறை. காலம் 2008. வளர்ந்தவர்கள் நாலு பேர் ரொஃபெல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஆசிரியை மர்ஜான் இங்கிலாந்தில், மான்செஸ்டரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள். வகுப்புக்குள் பாரசீகம் பேசக்கூடாது என்பது அவளுடைய சட்டம். எல்ஹாம் என்ற பெண்ணுக்கு அவுஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்கப் பரீட்சை பாஸாக வேண்டும். பல தடவை விழுந்திருக்கிறாள், அந்த மொழியையே வெறுக்கிறாள். றோயா வயதானவர். மகன் கனடாவில். பேத்தியோடு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான். அதற்காக வகுப்புக்கு வருகிறார்.

இதை வாசித்தபோது எனக்குக் கராஜ் ஞாபகத்துக்கு வரவேயில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்பு விளம்பரம் ஒட்டாத மதில் யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற பேரப்பிள்ளை வட்ஸ்அப்பில் முகம் காட்டும்போது ‘ஹாய், ஹவ் ஆர் யூ’வுக்கு மேலே போகத் தெரியாமல், போனை மகளிடம் நீட்டுகிற அம்மம்மா எத்தனை வீட்டில் இருக்கிறார்? இவ்வளவு பக்கத்தில் கிடக்கிற விஷயத்தை நாங்கள் ஏன் இன்னும் முழு நாடகமாக எழுதவில்லை என்று எரிச்சல்கூட வந்தது.

இதில் ஒரு உத்தி இருக்கிறது. அதற்காகவே உங்களுக்கு இதைச் சொல்கிறேன். நாடகம் ஏறத்தாழ முழுக்க ஆங்கிலத்தில்தான். ஆனால் பாத்திரங்கள் தங்களுக்குள் பாரசீகம் பேசுவதாக வரும் இடங்களில் நடிகர்கள் சரளமாக, வேகமாக, பகிடியோடு பேசுவார்கள். ஆங்கிலம் பேசுவதாக வரும் இடங்களில் அதே நடிகர்கள் திக்கித் திக்கி, உச்சரிப்புப் பிசகிப் பேசுவார்கள். ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் கெட்டிக்காரியாகவும் மொக்காகவும் தெரிவாள். யாரும் விளக்கம் சொல்லாமலே பார்க்கிறவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

தமிழில் செய்தால் இதை எப்படிக் கொண்டுவருவது? ஆங்கில வசனங்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று குழுவில் யாராவது சொல்லுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் முன்வரிசைக்கு மட்டும் விளங்குகிற நாடகமாகிவிடும். வீட்டுக் கதையெல்லாம் எங்கள் பேச்சுத் தமிழில் ஓடட்டும். ஆங்கிலம் வருகிற இடங்களில் நடிகர்கள் தடுமாறுகிற, சொல் தேடுகிற, வசனம் முறிந்த தமிழ் பேசட்டும். ஒரு பக்கத்தை எடுத்து இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்த்தாலே எது சரி என்று தெரிந்துவிடும். செலவும் பெரிதில்லை: ஒரு வெண்பலகை, சில கதிரைகள், ஐந்து நடிகர்கள்.

இன்னொன்று தோன்றுகிறது. சண்முகலிங்கம் ஐயாவின் ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. உங்கள் குழுவுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். அதில் ஒரு காட்சியையும் ‘இங்கிலிஷ்’ நாடகத்தில் றோயா வருகிற ஒரு காட்சியையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வையுங்கள். பழையதைச் செய்து அலுத்துவிட்டது என்கிறீர்கள். புதியது ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் பழையதும் வேறு மாதிரித் தெரியும்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ். சக்திதரன் சிட்னியில் வளர்ந்த ஈழத்தமிழர். அவர் எழுதிய முதல் நாடகம் ‘கவுன்ரிங் அன்ட் கிறாக்கிங்’, 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறியது. பதினாறு நடிகர்கள், நாலு தலைமுறை, 1956 முதல் 2004 வரை, ஓடும் நேரம் மூன்றரை மணித்தியாலம். பேத்தி ராதாவை வளர்க்கிற தாத்தா ஒருவர் அதில் வருகிறார்; கணிதம் படித்தவர், மந்திரி. எழுதியவரின் பூட்டனாரான உரும்பிராய் சி. சுந்தரலிங்கத்தை மனதில் வைத்து எழுதிய பாத்திரம் அது. எடின்பரோ, பேர்மிங்காம், நியூயோர்க் எல்லாம் போய்வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத்தான் வரவில்லை.

உங்களால் இதை மேடையேற்ற முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் வாசியுங்கள். ஒரு பாத்திரம் தமிழிலோ சிங்களத்திலோ பேசும்போது பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் அதை அங்கேயே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். திரையில் எழுத்து ஓடாது. சிங்களப் பார்வையாளரும் வந்திருக்கிற ஒரு மாலையில் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி. குறையும் உண்டு. 56இல் தனிச்சிங்களச் சட்டத்தோடு என்ன நடந்தது, 83 கலவரத்தில் என்ன நடந்தது என்று சிட்னிக்காரருக்காகச் சொல்லவேண்டியதை நாடகம் நின்று சொல்கிறது. கொக்குவிலில் இருந்து வாசிக்கும்போது அந்த இடங்களில் கொஞ்சம் பக்கம் புரட்டத்தான் தோன்றும்.

சுவேந்திரினி லேனாவின் ‘த என்சான்ரட் லூம்’ உங்களுக்கு இதைவிட நெருக்கமாக இருக்கலாம். லேனா ரொறன்ரோவில் நரம்பியல் மருத்துவர். 2016இல் அங்கேயே மேடையேறிய நாடகம். நாயகன் இங்கே பத்திரிகையாளராக இருந்து சித்திரவதைப்பட்டு, கனடா போய்ச் சேர்ந்த ஒருவர். வலிப்பு வருகிறது, நினைவுகள் அறுந்துபோகின்றன. மூளையில் சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்று குடும்பம் முடிவெடுக்க வேண்டும். போர் பற்றி இவ்வளவு நாடகம் பார்த்துவிட்டோம். போர் ஒரு மனிதனின் மூளைக்குள் எந்த இடத்தில் போய்க் குந்திக்கொள்கிறது என்று மருத்துவர் ஒருவர் எழுதி நான் வாசித்தது இதைத்தான். சின்னக் குடும்பம், சில அறைகள். உங்கள் குழுவுக்கு அளவான நாடகம்.

காசு இல்லை என்றீர்களே, அதற்கு ஒரு மருந்து: ஈரானிய எழுத்தாளர் நசீம் சுலைமான்பூரின் ‘வெள்ளை முயல் சிவப்பு முயல்’. கட்டாய இராணுவ சேவைக்குப் போக மறுத்ததால் அவருக்குக் கடவுச்சீட்டுக் கிடைக்கவில்லை. தான் போக முடியாத நாடுகளுக்குப் போகட்டும் என்று, இருபத்தொன்பது வயதில் நாடகத்தை எழுதி அனுப்பினார். நெறியாளர் இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய நடிகர் ஒருவர் மேடையில் உறையைப் பிரித்து முதல் தடவையாக வாசித்து நடிக்க வேண்டும். அதற்குமேல் சொன்னால் கெடுத்துவிடுவேன். நடிக்கப் போகிற ஆளை இதைப் பற்றிக் கூகிளில் தேடவும் விடாதீர்கள்.

இங்கே யாரும் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதுகிறார்கள். ஆனால் அச்சில் வருவதில்லை. யாழ். பல்கலைக்கழக நாடக மாணவர்கள் தங்கள் தயாரிப்பை ஒரு தடவை கைலாசபதி கலையரங்கில் போட்டுவிட்டுப் பிரதியைக் கோப்போடு கட்டி வைத்துவிடுகிறார்கள். போட்டிக்கு எழுதுகிற ஆசிரியர்களின் பிரதி போட்டி முடிந்ததோடு முடிந்துவிடும். அதிலும் நேரக் கட்டுப்பாடு, கடைசியில் ஒரு அறிவுரை வேண்டும் என்ற பயம் எல்லாம் சேர்ந்து நல்ல தொடக்கங்களைக்கூடக் குழப்பிவிடுகின்றன. சண்முகலிங்கம் ஐயாவின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் புத்தம் புதிய நாடகம்தான். ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் போட்டதால்தான் இன்றைக்கு நீங்களும் நானும் அதைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே மார்ச் 27 உலக அரங்க தினத்தை ஒட்டி எங்கே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள், போய்ப் பாருங்கள். பிடித்தால் எழுதிய பிள்ளையிடம் பிரதியைக் கேட்டு வாங்கி இரண்டாவது தடவை நீங்கள் போடுங்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவர்களையும் மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன ஆங்கில நாடகங்கள் எல்லாவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு. புத்தகத்தின் உள்பக்கத்தில் யாரிடம் அனுமதி கேட்பது என்று இருக்கும். மின்னஞ்சல் போடுங்கள், சிறிய குழு, எந்த ஊர், எத்தனை கதிரை என்று உள்ளபடி எழுதுங்கள். எங்கள் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேளுங்கள்.

அனுமதி வரும்வரை மண்டபம் வேண்டாம். யார் வீட்டு விறாந்தையிலாவது கதிரைகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாடகப் பிரதியைத் தனியாக மனதுக்குள் வாசித்தால் பாதிதான் பிடிபடும். முதலில் ‘இங்கிலிஷ்’ நாடகத்தின் ஒரு காட்சியை மட்டும் உங்களுக்குள்ளேயே தமிழாக்கி வைத்துக்கொள்ளுங்கள். றோயாவுக்கு மட்டும் குழுவில் உள்ள இளம்பிள்ளைக்கு நரைமுடி ஒட்டாமல், கனடாவில் பேரப்பிள்ளை இருக்கிற அம்மம்மா ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கொக்குவிலில் அதற்குப் பஞ்சம் இருக்காது.

அன்புடன்.