ஒரு நாய்க்குட்டி செத்துப்போச்சு, என் பொண்ணு வெட் நர்ஸ் (மிருக ஆஸ்பத்திரி நர்ஸ்) படிப்ப விடறேங்கறா

அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு மூணு நாளா சரியா சாப்பிடல, வேலை கத்துக்கற ப்ராக்டிஸ் (மிருக கிளினிக்) பக்கமே போக மாட்டேங்கறா, அவ அப்பா "அப்பவே சொன்னேன், மனுஷங்களுக்கு நர்ஸிங் படின்னு"ன்னு ஆரம்பிச்சிட்டாரு, நடுவுல நீங்க மாட்டிக்கிட்டு முழிக்கறீங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த மாசம் எந்த முடிவும் எடுக்க வேணாம். கோர்ஸ மாத்தறது, காலேஜுக்கு மெயில் போடறது எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

லண்டன்ல இந்த ஆலோசனை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே ஒன்பது வருஷம் வெட் நர்ஸா இருந்தவ, அதனால உங்க பொண்ணு அன்னைக்கு எந்த இடத்துல நின்னான்னு எனக்கு நல்லாவே தெரியுது. ரிசப்ஷன்ல ஆள் இல்ல, போன் அடிக்குது, இவ எடுக்கறா. ரெண்டு நாள் முன்னாடி தன் நாய் ஆறு குட்டி போட்டுச்சு, அதுல ஒண்ணு பால் குடிக்காம ஓரமா தனியா கிடக்குதுன்னு ஒரு அம்மா சொல்றாங்க. இவ "பப்பி மில்க் (தாய்ப்பாலுக்குப் பதிலா குட்டிக்குக் குடுக்கற பால்) வாங்கி சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாருங்க, நாளைக்கும் அப்படியே இருந்தா கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரியே குட்டி போயிடுச்சு. மறுநாள் எல்லாரும் இருக்கும்போது ஹெட் நர்ஸ் இவள ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டிருக்காங்க.

குட்டி இவளால செத்துச்சான்னு நீங்க கேட்டிருக்கீங்க. அத யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பொறந்து முதல் ஒரு வாரத்துல, எல்லாம் சரியா பண்ணியும் சில குட்டிங்க வாடிப் போயிடும், ஃபேடிங் பப்பின்னு அதுக்கு பேரே இருக்கு. ஆனா அவ சொன்ன பதில் தப்புதான், அத மறைச்சு "பரவால்லம்மா, உன் மேல ஒண்ணும் இல்ல"ன்னு சமாதானம் சொன்னா அவ நம்பவும் மாட்டா, கத்துக்கவும் மாட்டா. ஏன் தப்புன்னு தெரிஞ்சாதான் அவளுக்கு பயம் போகும், அதனால அதையே கொஞ்சம் விளக்கமா எழுதறேன், நீங்க அவகிட்ட பேசறப்ப உதவும்.

பொறந்த நாய்க்குட்டிக்கு தன் உடம்பு சூட்ட தானே வெச்சுக்கத் தெரியாது. குளிர்ல நமக்கு வர்ற நடுக்கம் அதுக்கு முதல் வாரத்துல வராது, தாய் மடியும் மத்த குட்டிங்களும்தான் அதுக்கு சூடு. முதல் வாரம் அதோட உடம்பு சூடே சுமார் 35லிருந்து 37 டிகிரிதான், பெரிய நாய்க்கு 38க்கு மேல இருக்கும். படுக்கையச் சுத்தி 30 டிகிரி போல இருந்தாதான் தாங்கும். அது குளிர்ந்து போச்சுன்னா குடல் வேலை செய்யறத நிறுத்திடும், அப்ப வாயில பால ஊத்தினா வயித்துல அப்படியே கிடந்து கெட்டுப்போகும், இல்லன்னா முழுங்கத் தெம்பில்லாம நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆயிடும். அதனாலதான் குட்டி பால் குடிக்கலன்னு யார் சொன்னாலும் ஒரு நர்ஸ் வாயில வர வேண்டிய முதல் கேள்வி "குட்டி சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா?" பால் பேச்சே அதுக்கப்புறம்தான்.

எனக்கு இத ஒரு சீனியர் நர்ஸ் சொல்லித் தந்த விதம் இன்னும் விரல்லயே இருக்கு. ஒருத்தர் ஷூ பாக்ஸ்ல துண்டு சுத்தி ஒரு பூனைக்குட்டியக் கொண்டு வந்தாரு, நூறு கிராம் கூட இருக்காது, வாய் ஓரமா பசும்பால் காஞ்சு போய் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. அவங்க என் சுண்டு விரல அந்தக் குட்டி வாய்க்குள்ள வைக்கச் சொன்னாங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு, சப்பவே இல்ல. "இதுதான் பால் குடுக்கக் கூடாத குட்டி, ஞாபகம் வெச்சுக்கோ"ன்னாங்க. வெட், அதாவது மிருக டாக்டர், வந்து பாத்தாரு, அவசரப்படாம மெதுமெதுவா சூடு ஏத்தினோம், கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி விரல வெச்சப்ப நாக்க மடிச்சு இழுத்துச்சு பாருங்க, அப்பதான் கிட்டன் மில்க் கலக்கவே விட்டாங்க.

இப்ப அந்த போனுக்கு வருவோம். அவ கேட்டிருக்க வேண்டியதெல்லாம் பெரிய கேள்வியே இல்ல. எப்ப பொறந்துச்சு, முதல் நாள் சீம்பால் குடிச்சுதா (முதல் 24 மணி நேரத்துக்குள்ள போனாதான் அந்த எதிர்ப்பு சக்தி குட்டி ரத்தத்துல சேரும், அதுலயும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம்), எடை போட்டு எழுதி வெச்சிருக்காங்களா, கத்துதா இல்ல துவண்டு கிடக்குதா, தாய் நாய் எப்படி இருக்கு, நல்லா சாப்பிடுதா, மூச்சு வாங்கி நடுங்குதா. தாய் நடுங்குதுன்னா அது கால்சியம் குறைஞ்சதா இருக்கலாம், அப்ப குட்டிய விட தாய்க்குதான் அவசரம். இதுல எதாவது ஒண்ணு சரியில்லன்னா பதில் ஒண்ணே ஒண்ணுதான், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, வெட்கிட்ட பேசிட்டு சொல்றேன்."

அந்த ஒரு வாக்கியத்த சொல்ல அவளுக்கு ஏன் வரலன்னு நினைக்கறீங்க? கேட்டவுடனே பதில் சொல்லலன்னா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிடுவாங்கன்னு ஒரு பயம். நம்ம வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இத நான் நிறைய பாக்கறேன், பெரியவங்க கேட்டா டக்குனு பதில் சொல்லணும்னு நாமதான வளத்தோம். ஆனா இந்த வேலையில அந்த நிறுத்தம்தான் திறமை. இங்க பிரிட்டன்ல 1966ம் வருஷத்து வெட்டரினரி சர்ஜன்ஸ் சட்டத்துலயே இருக்கு, நோய் என்னன்னு கண்டுபிடிக்கறதும், அத வெச்சு ஆலோசனை சொல்றதும் வெட்டோட வேலை. நர்ஸ் சொல்லக் கூடியது வேற, ஆனா அதுவும் ஒரு கடல்க்கா. சமையல் தராசுல தினமும் ஒரே நேரத்துல எடை பாருங்க, ஒரே மாதிரி இருக்கற குட்டிங்களுக்கு கலர் கலரா கழுத்துப் பட்டை கட்டி அடையாளம் வைங்க, ஏழுலிருந்து பத்து நாள்ல பொறந்தப்ப இருந்த எடை ரெண்டு மடங்கு ஆகணும், ஒரு நாள் எடை குறைஞ்சாலே கூப்பிடுங்க. பாட்டில்ல குடுக்கறப்ப குழந்தைய மாதிரி மல்லாக்கப் போடாம கவுந்த வாக்குல வெச்சு குடுங்க, தாயில்லாத குட்டின்னா ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால அடியில துடைச்சு விட்டாதான் ஒண்ணுக்கு ரெண்டுக்கு போகும், மூணு வாரம் வரைக்கும் அதுக்குத் தானா வராது. நாய்க்குப் போடற சில தெள்ளு மருந்துல பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம், வீட்டுல ரெண்டும் இருந்தா இதச் சொல்லியே ஆகணும். முயல் வெச்சிருக்கவங்க "தாய் குட்டிங்கள ஒதுக்கிடுச்சு"ன்னு பதறி வருவாங்க, தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான் பால் குடுக்கும்னு சொன்னா பாதி பேரு மூச்சு விடுவாங்க, குட்டி வயிறு உருண்டையா இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லணும்.

இதையெல்லாம் பயந்து போயிருக்கற ஒருத்தருக்கு புரியற மாதிரி சொல்றது லேசுப்பட்ட வேலை இல்ல. குட்டி பொறந்த வீட்டுல ரெண்டு மூணு ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டாங்க, பத்து விஷயம் சொன்னா ரெண்டுதான் மண்டையில ஏறும். அதனால அந்த ரெண்டு எதுன்னு முடிவு பண்ணி சொல்லணும், எழுதியும் குடுக்கணும், "இப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு ஒரு தடவ சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேக்கணும். உங்க பொண்ணு பாட்டிக்கு மாத்திரை நேரம் சொல்லித் தர்றான்னு எழுதியிருந்தீங்களே, அதேதான் இது, அவளுக்கு வராத விஷயம் இல்ல.

அவ தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், படிப்ப ஆரம்பிச்சு நாலே மாசம் ஆன ஸ்டூடண்ட்ட தனியா போன் எடுக்க விட்டது ப்ராக்டிஸோட தப்பு. ஒவ்வொரு ஸ்டூடண்ட் வெட் நர்ஸுக்கும் கிளினிக்கல் கோச்னு ஒருத்தர் இருப்பாங்க, சொல்லித் தர்றதும் திறமைய சரி பாக்கறதும் அவங்க பொறுப்பு. அவ அந்த கோச்ச தனியா பாத்து, நடந்தத மறைக்காம எழுதிக் குடுத்து, மூணு விஷயம் கேக்கட்டும். கொஞ்ச நாள் சீனியர் பக்கத்துல உக்காந்து போன் பேச்ச கேக்கணும், குட்டிங்க பத்தி போன் வந்தா என்னென்ன கேக்கணும்னு ஒரு தாள் போன் பக்கத்துல ஒட்டணும், போன் பண்றவங்க எந்தெந்த பதில் சொன்னா உடனே போன வெட்கிட்ட குடுக்கணும்னு அதுல சிவப்புல இருக்கணும். ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாடி கேட்டது வலிச்சுதுன்னா அதையும் கோச்கிட்ட சொல்லலாம், அது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல. கோச் காது குடுக்கலன்னா காலேஜ் ட்யூட்டர்கிட்ட போகலாம், அதுக்கும் ஒத்து வரலன்னா ப்ராக்டிஸ மாத்தலாம், படிப்ப விட வேண்டியதில்ல.

அவ அப்பாவுக்கு இத சொல்லுங்க. இது பொழுதுபோக்கு படிப்பு இல்ல. ப்ராக்டிஸ்ல 1,800 மணி நேரம் வேலை, பரீட்சை, நேர்ல செஞ்சு காட்டற ஓஸ்கி தேர்வு, எல்லாம் முடிச்சாதான் ஆர்.சி.வி.எஸ். (வெட், வெட் நர்ஸ்களப் பதிவு பண்ற அமைப்பு) ரெஜிஸ்டர்ல பேரு ஏறும். அப்ரெண்டிஸா, அதாவது வேலை பாத்துக்கிட்டே படிக்கறதால ஃபீஸ் இல்ல, சம்பளம் கொஞ்சமா வருது. பின்னாடி டிகிரி வேணும்னா ராயல் வெட்டரினரி காலேஜ் மாதிரி இடங்கள்ல வெட் நர்ஸிங் இருக்கு. சம்பள விஷயத்துல அவர் பயம் நியாயம்தான், இந்த வேலையில வீடு வாங்கற அளவுக்கு சீக்கிரம் ஏறாது, என்.எச்.எஸ். (இங்க இருக்கற அரசு மருத்துவ சேவை) மாதிரி ஒரே சம்பள அட்டவணையும் கிடையாது, ப்ராக்டிஸுக்கு ப்ராக்டிஸ் மாறும். நான் ஒன்பது வருஷத்துல வெளிய வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா பணத்துக்காக யோசிச்சு விடறது வேற, ஒரு போன் காலுக்கு பயந்து விடறது வேற. ரெண்டாவதுக்கு மனுஷ நர்ஸிங் போனாலும் தப்பிக்க முடியாது, அங்கயும் போன் அடிக்கும், அங்கயும் யாரோ பயந்து போய் கேப்பாங்க.

இன்னொண்ணு, அந்த அம்மா வீட்டுல இன்னும் அஞ்சு குட்டி இருக்கு. ரெண்டு வாரம் ஆனவுடனே பூச்சி மருந்துக்கு வருவாங்க, எடை பாத்துதான் மருந்து அளவு குடுப்பாங்க. அந்த நாள் எதுன்னு கோச்கிட்ட கேட்டு, எடை போடற வேலைய நான் பண்ணட்டுமான்னு உங்க பொண்ணே கேக்கட்டும். கோச் பக்கத்துல நிக்கட்டும், பேச்சு அவ பேசட்டும். அந்த அம்மா முகத்த பாக்கணும்னா கஷ்டமாத்தான் இருக்கும், முதல்ல "உங்க குட்டி போனதுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னு சொல்லிட்டு அப்புறம் தராச ஆன் பண்ணச் சொல்லுங்க.