ஆணுறை கிழிந்துவிட்டது... 5-ம் நாள் டெஸ்ட் போதுமா?

கேள்வி: வயது 26. 12 நாட்களுக்கு முன், அதிகம் பழக்கமில்லாத பெண்ணுடன் உறவுகொண்டபோது ஆணுறை கிழிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். உடனே டெட்டால் ஊற்றிக் கழுவினேன். 5-ம் நாள் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இன்னும் இல்லை. 5-ம் நாள் முடிவு அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரையிலான நிலையைத்தான் காட்டும். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் (கிருமியின் புரதம், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரண்டையும் தேடுவது) என்றால் 45-ம் நாள், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90-ம் நாள் எடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். விவரம் வெளியே போகாது. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சை எடுக்காதவராகவே இருந்தாலும், ஒருமுறை பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 10,000-ல் 4தான்.

எனக்கு அதைவிட கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்றுகள் பற்றித்தான் யோசனை. கொனோரியா என்றால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழும் எரிச்சலும் வரும். கிளமிடியா பலருக்கு அறிகுறியே காட்டாது. இரண்டு வாரம் ஆனதும் சிறுநீரில், கிருமியின் மரபணுவைத் தேடும் 'நாட்' டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 மி.லி.யைப் பிடிக்க வேண்டும். நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி சிக்காமல் போகலாம். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாக ஆறியும்விடும். அதனால்தான் கோட்டை விடுகிறார்கள். சிபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்ட் இப்போது ஒன்று, 3 மாதத்தில் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள். அரைகுறை மருந்தில் அறிகுறி மறையும், கிருமி தங்கிவிடும். முடிவுகள் தெரியும்வரை ஆணுறை இல்லாமல் யாருடனும் உறவு வேண்டாம்.

டெட்டால் கிருமியைத் தடுத்திருக்காது, தோலைத்தான் புண்ணாக்கும். கழுவ வெறும் தண்ணீர் போதும். அன்றே எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போயிருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கொடுப்பது பற்றி முடிவெடுத்திருப்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கிழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எல்லாமே ஆணுறையின் ரப்பரான லேடெக்ஸைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். வறட்சிக்கு நீர் அல்லது சிலிக்கோன் சேர்ந்த ஜெல் போதும். மாட்டும்போது நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்த உறை வேண்டாம்.