டைரியைக் குப்பையில் போடலாமா?

கேள்வி: நியூசிலாந்தின் டனீடினில் பழைய வீடு வாங்கினோம். பரணில் ஒரு தகரப் பெட்டி. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி, முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, ஒட்டாகோவில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவருடைய கடிதங்கள், படங்கள், பாக்கெட் டைரிகள். போர்க் கடிதங்கள் போதும், டைரியில் மழையும் ஆட்டுக் கணக்கும்தானே என்கிறார் கணவர். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அவரைத் தெரியுமாம்.
- வாசகி, டனீடின்

பதில்: உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு டைரிதான் முக்கியம். சிப்பாய்களின் கடிதங்களை அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் பாதிக் கடிதம் "நலம், நலமறிய ஆவல்" ரகம். எந்தப் படைப்பிரிவு, எப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பதெல்லாம் நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தில் அவருடைய ராணுவக் கோப்பிலேயே இருக்கும். பண்ணை வாழ்க்கைக்கு அப்படி அரசாங்கக் கோப்பு எங்கே இருக்கிறது?

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலமும் கடனும் கொடுக்க அங்கே 1915இல் சட்டம் வந்தது. 1920 வரை பிரிட்டன் அரசே கம்பளியை மொத்தமாக வாங்கியது. அது நின்றதும் விலை விழுந்தது. கடனில் நிலம் பிடித்த பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். போதாக்குறைக்குப் புல்லைத் தின்று தீர்க்கும் முயல்கள் வேறு. 1921 டைரி இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். எத்தனை குட்டி தங்கியது, கம்பளி என்ன விலைக்குப் போனது, யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று இரண்டு வரி இருந்தாலும் பொக்கிஷம்தான்.

சரி, செய்ய வேண்டியது. பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காமல் போட்டோ எடுங்கள். உறைகளை எறியாதீர்கள், முத்திரையில் தேதி இருக்கும். செலோடேப், லாமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். வீட்டை விற்றுக் கொடுத்த வக்கீல் மூலம் வாரிசுகளைத் தேடுங்கள், பெட்டி அவர்களுடையதாக இருக்கலாம். அவர்களுக்கு வேண்டாமென்றால், உங்கள் ஊரிலேயே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஹாக்கன் நூலகம் இருக்கிறது. கடிதம், டைரி எல்லாவற்றையும் ஒன்றாகவே கொடுங்கள்.

பாட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே படங்களோடு போய், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். போரைப் பற்றிக் கேட்டால் "அவர் பேசவே மாட்டார்" என்று முடித்துவிடக்கூடும். நாயின் பெயர், கம்பளி கத்தரிக்க வந்தவர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட்டது யார் என்று ஆரம்பியுங்கள். பாட்டி சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.