நேர்முகத்தேர்வில் ‘பாஸ்ட் அவுட்’ என்று சொல்லலாமா?

தங்கச்சி, மட்டக்களப்பில் தாதியியல் படித்து முடித்து, இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்திருக்கிறீர்கள். முதியோர் இல்லமொன்றின் நேர்முகத்தேர்வில், “2021இல் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பாஸ்ட் அவுட்” என்று ஆங்கிலத்தில் சொன்னதும், எதிரே இருந்த பெண்மணி “இப்போது உடம்பு சரியாகிவிட்டதா?” என்று கேட்டாராம். உங்கள் ஆங்கிலத்தில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழை ஒன்றுமில்லை. நாடு மாறியதும் பொருளும் மாறிவிட்டது, அவ்வளவுதான். இங்கே ஒருவர் பாஸ் அவுட் ஆனார் என்றால், நினைவிழந்து மயங்கி விழுந்தார் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு இருந்த இடத்திலேயே தூங்கிப்போனவரையும் அப்படிச் சொல்வதுண்டு. அந்தப் பெண்மணி உங்களைக் கேலி செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார்.

மட்டக்களப்பில் கம்பஸ் முடித்த பிள்ளையைக் கண்டால், “எந்த ஆண்டு பாஸ் அவுட்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்லடி பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்தவர்கள் அணிவகுத்து வெளியேறுவதற்கும் அதே பெயர்தான். பிரித்தானியாவிலும் படைவீரர்களின் அணிவகுப்புக்கு இன்றுவரை அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் இலங்கையிலும் இந்தியாவிலும் பல்கலைக்கழகம் வரை வந்த அந்த வழக்கு, இங்கே படையோடும் பொலிஸோடும் நின்றுவிட்டது. ஆகவே ஊராரோடு பேசும்போது அதைக் கைவிட வேண்டியதில்லை. நம்மவர்கள் ஒருவரையொருவர் இதற்காகத் திருத்துவதைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இங்குள்ளவர்களிடம் பட்டத்தைப் பற்றிப் பேசினால் ‘கிராஜுவேட்டட்’, தொழிலைப் பற்றிப் பேசினால் ‘குவாலிஃபைட்’. “ஐ குவாலிஃபைட் அஸ் எ நர்ஸ் இன் ஸ்ரீலங்கா” என்று சொல்லுங்கள். ஆனால் இங்குள்ள தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் பேரவையில் பதிவு கிடைக்கும்வரை, ‘ரெஜிஸ்டர்ட் நர்ஸ்’ என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

நேர்முகத்தேர்வைவிட, வேலை கிடைத்த பிறகுதான் இந்தச் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். ‘பாஸ்ட் அவே’ என்றால் காலமானார் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் ‘அவே’ இல்லாமலே, “ஷீ பாஸ்ட்” என்று மட்டும் சொல்லி இறப்பை அறிவிக்கிறார்கள். அதாவது நீங்கள் சொல்லும் ‘அவுட்’ கேட்பவரின் காதில் விழாமல் போனால், உயிரோடு இருப்பவர் இறந்துவிட்டார் என்ற செய்தி போய்ச் சேரும்.

இது நடக்காத காரியமல்ல. நான் வேலை செய்த ஓர் இல்லத்தில் ஒரு மூதாட்டி காலை உணவு மேசையில் மயங்கிச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துத் தேநீரும் கேட்டார். மகளுக்கு அறிவிக்கத் தொலைபேசியை எடுத்த எங்கள் ஊர்ப் பிள்ளை, ‘பாஸ்ட்’ என்பதை அழுத்தி, ‘அவுட்’ என்பதை மெல்ல விழுங்கிவிட்டாள். மறுமுனையில் எழுந்த அழுகை, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நான் தொலைபேசியை வாங்கி, அம்மா உயிரோடுதான் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அந்த மகளுக்கு மூச்சு வந்தது.

நாம் தமிழ் பேசும் பழக்கத்தில் முதற்சொல்லை அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் இவ்வகை இரட்டைச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் பின்சொல்லில்தான் விழும். ‘பாஸ்ட்’ என்பதன் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டி, ‘பாஸ்டவுட்’ என்று ஒரே மூச்சில் வரும். குரல் உயர்வது ‘அவுட்’ என்ற இடத்தில். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

குடும்பத்தாரிடம் பேசும்போது, கண் விழித்த செய்தியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அதற்கு ‘கேம் ரவுண்ட்’ என்பார்கள். இதே சொல் ஒருவர் வீட்டுக்கு வந்துபோவதையும் குறிக்கும். “மை டாட்டர் கேம் ரவுண்ட் யெஸ்டர்டே” என்று ஒரு பாட்டி சொன்னால், மகள் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று பொருள். மகளுக்கு மயக்கம் தெளிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பதிவேட்டில் ‘பாஸ்ட் அவுட்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடக்கூடாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நினைவில்லை, விழும்போது தலை அடிபட்டதா, எப்போது விழித்தார் என்பதையெல்லாம் எழுதுங்கள். அவசர உதவிக்கு 999ஐ அழைத்தால், ஆம்புலன்ஸ் பிரிவோடு இணைந்ததும் நோயாளி மூச்சு விடுகிறாரா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

‘பாஸ் இட் ஆன்’ என்று மேலதிகாரி சொன்னால், செய்தியை அடுத்த வேளைக்கு வருபவரிடம் சொல்லிவிடச் சொல்கிறார். ஆளைக் குறித்து ‘பாஸ்ட் ஆன்’ என்றால் அதுவும் இறப்புதான்.

நீங்கள் இருப்பது வட இங்கிலாந்து என்பதால் இன்னொன்று. இலண்டனில் ‘பாஸ்’ என்று நெடிலாகக் கேட்பது உங்கள் பக்கத்தில் ‘பஸ்’ என்று குறுகிக் கேட்கும். சொல் வேறென்று நினைத்துத் தடுமாறாதீர்கள்; ‘அவுட்’ மீது விழும் அழுத்தம் அங்கும் அப்படியேதான் இருக்கும்.