மகன் குடும்ப ஜெபத்துக்கு வர மாட்டேன் என்கிறான், கட்டாயப்படுத்தலாமா?

15 வயது மகன் குடும்ப ஜெபத்தில் உட்கார மறுக்கிறான், அதட்டி உட்கார வைக்கலாமா, விட்டுவிட்டால் விசுவாசத்தை விட்டே போய்விடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் போன வருஷம் என் வீட்டில் நடந்தது எல்லாம் கண்முன் வந்துவிட்டது. அதட்ட வேண்டாம் சகோதரி. நான் அதட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. 1826-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டின கோயில்தான் எங்கள் கோயில், ஊசிக்கோபுரம் என்று கேட்டால் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். என் கணவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, அப்புறம் முழங்காலில் நின்று ஜெபம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது நின்று பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மகன் ஒருநாள் பாதி ஜெபத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குக் காலாண்டுப் பரீட்சைத் தாள் கொடுத்திருந்தார்கள், கணக்கில் 41. சாயங்காலம் பூரா நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி முழங்கால் போட்டுக் கண்ணை மூடினதும் எல்லாம் கொட்டிவிட்டது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை புத்தகத்தைத் தொடுகிறதில்லை, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான், இவன் மனசைத் திருப்பும், நாங்கள் படுகிற பாட்டை இவனுக்கு உணர்த்தும்" என்று சத்தமாகவே ஜெபித்தேன், அழுகையும் வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவன் இடம் காலி.

அதற்கப்புறம் மூன்று வாரம் தினமும் சண்டைதான். என் கணவர் ஒரு ராத்திரி அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார், உட்கார்ந்தான், வாய் திறக்கவில்லை, கண்ணும் மூடவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கீர்த்தனை பாட முடியவில்லை.

மாடியில் துணி எடுக்கப் போனபோது ஒருநாள் அவனும் அங்கே இருந்தான். "ஏன் ஐயா ஜெபத்துக்கு வர மாட்டேங்கிற?" என்று கேட்டேன். கொடியிலிருந்து கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நீங்க ஜெபமாம்மா பண்ணுறீங்க? ஆண்டவர்கிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்லுறீங்க. ஆச்சியும் தங்கச்சியும் கேக்கணும்னே சொல்லுறீங்க. அங்க நான் பதிலும் பேச முடியாது."

எனக்குப் பேச்சே வரவில்லை. அவன் சொன்னது உண்மை. நேரில் திட்டினால் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம், கோபித்துக்கொண்டு போகலாம். ஜெபத்தில் திட்டினால் என்ன செய்வான்? "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் 6-ல் பவுல் எழுதியதை எத்தனை தரம் வாசித்திருக்கிறேன், அது அப்பாக்களுக்கு என்றே இருந்துவிட்டேன். அன்றைக்கு அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி ஜெபத்தில் உன் மார்க்கைப் பற்றிப் பேச மாட்டேன், சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்கிறேன் என்றேன். "சரி" என்றான், அவ்வளவுதான். மறுநாளும் வரவில்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. நாம் வாசிக்கிற வேதாகமம் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு மொழிபெயர்த்து 1871-ல் வந்தது. எனக்கு அந்தத் தமிழ் உயிர், பிள்ளைகளுக்கோ பாதி புரிவதில்லை. 121-ம் சங்கீதத்தில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று வாசித்தபோது என் மகள், "ஒத்த ஆசையாம்மா? ஒரே ஒரு ஆசையா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அத்தைதான் சொல்லிக்கொடுத்தார்கள், "ஏட்டி, நான் போர்வை மடிக்கும்போது நீ அந்தப் பக்கம் நுனியைப் பிடிக்கியே, அதுதான் ஒத்தாசை." அந்தச் சங்கீதம் அன்றைக்குத்தான் அவளுடையதாயிற்று. இப்போது தினமும் நான்கே வசனம் வாசிக்கிறோம், புரியாத வார்த்தையை அங்கேயே நிறுத்திக் கேட்கலாம். மொத்தம் பத்து நிமிஷம்.

விசுவாசத்தை விட்டுவிடுவானோ என்ற பயம் எனக்கும் இருந்தது, இப்போதும் சில ராத்திரி வரும். ஆனால் அத்தையைப் பார்க்கிறேன். அரிசி களையும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகப் போகும். இதைச் செய் என்று யாரிடமும் சொன்னதில்லை. அத்தை கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த வாரம் நான் மறந்தே போனேன், சனிக்கிழமை டப்பாவைத் திறந்தால் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. போட்டது மகன். "ஆச்சி இல்லைன்னு விட்டுரக் கூடாதுல்ல" என்றான். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசு என்று உபாகமம் 6-ல் இருக்கிறதே, பாயில் உட்காருகிற அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முதலில் அவனிடம் ஏன் என்று கேளுங்கள். ஜெப நேரத்தில் வேண்டாம், எல்லாரும் இருக்கும்போதும் வேண்டாம், கைவேலையாக இருக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். உங்கள் மகனுக்கு வேறு காரணம் இருக்கலாம். உண்மையாகவே சந்தேகங்கள் இருக்கலாம், நண்பர்கள் ஏதாவது சொல்லியிருக்கலாம், பகல் முழுக்கப் பள்ளியும் டியூஷனுமாக அலைந்து வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். என்ன சொன்னாலும் உடனே வசனத்தை எடுத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள், முழுக்கச் சொல்ல விடுங்கள்.

என் மகன் இப்போது வாரத்தில் மூன்று நாலு நாள் வருகிறான். வராத நாளில் நான் கூப்பிடுவதில்லை, அவனுக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் பாய் விரிக்கிறேன். அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவனாக வந்து உட்கார்ந்து "இன்னைக்கு நான் பண்ணுறேன்" என்றான். கூடப் படிக்கிற பையனின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருக்காக இரண்டு வரி ஜெபித்தான். பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.