இலை தளர்ந்தால் தாகம் என்று நினைக்காதீர்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஜூலையில் நர்சரியில் மூன்று எச்சவேரியாவும் (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சதைப்பற்றுச் செடி) ஒரு ஜேட் செடியும் வாங்கி, பால்கனியில் பீங்கான் கோப்பைகளில் மாற்றி வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். இப்போது எச்சவேரியாவின் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. தண்ணீரைக் கூட்டியும் சரியாகவில்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இரண்டையும் நிறுத்திவிட்டு இன்றைக்கே செடியைக் கோப்பையிலிருந்து பிடுங்கி வேரைப் பாருங்கள், பழுப்பாகிக் கொழகொழவென்று இருக்கும். தாகத்தில் இருக்கும் செடியின் அடி இலை சுருங்கும், காகிதம் மாதிரி காயும், ஆனால் தண்டு கெட்டியாகவே இருக்கும். அழுகும் செடியின் இலையோ மஞ்சளாகி, கண்ணாடி போல நீர்கோத்து, தொட்டதும் கையோடு வந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. பலரும் இங்கேதான் ஏமாந்து, வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள்.

கோப்பையில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருக்காது என்றே நினைக்கிறேன். அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். தண்ணீர் வெளியே போக வழி இல்லாவிட்டால் கல்லுக்கு மேலே இருக்கும் மண் ஈரமாகவேதான் கிடக்கும். நர்சரிக்காரர்கள் தேங்காய் நார்க்கழிவில் நட்டுத் தருவார்கள், அவர்களுக்கு அது வசதி, நம் வீட்டில் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றி இருப்பதை உதறிவிடுங்கள்.

செடியைக் காப்பாற்ற, சுத்தமான கத்தியால் தண்டை மேலே மேலே நறுக்கிக்கொண்டே போங்கள், வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் துளிகூட இல்லாமல் தெளிவாகத் தெரியும் வரை. பிறகு மிஞ்சிய தலைப்பகுதியை நிழலில் நான்கைந்து நாள் சும்மா வையுங்கள். காயம் ஆறிக் காய்ந்த பிறகு, ஓட்டையுள்ள சின்ன மண் தொட்டியில் ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு கரகரப்பான மணல், ஒரு பங்கு உடைத்த செங்கல் துண்டு, ஒரு கைப்பிடி மண்புழு உரம் கலந்து அதன்மேல் உட்காரவையுங்கள். எம்-சாண்ட் என்றால் கழுவித் தூசியைப் போக்கிவிட்டுப் போடுங்கள், கடற்கரை மணல் உப்பு, அந்தப் பக்கமே போக வேண்டாம். வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை தண்ணீர் கிடையாது.

அப்புறம் எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வைக்காதீர்கள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். சுத்தமாக வந்தால் அடி ஓட்டை வழியே வடியும் அளவுக்கு நன்றாக ஊற்றுங்கள். தினம் ஸ்பிரே அடிப்பது எதற்கும் உதவாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், ஆனால் வெளிச்சம் வேண்டும், இருட்டில் வைத்தால் கழுத்து நீண்டு கோணலாக வளரும். மழை முடிந்ததும் ஒரே நாளில் உச்சி வெயிலில் வைக்காமல், காலை வெயிலில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

இவ்வளவு செய்தும் எச்சவேரியா பிழைத்துவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன். அது மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் திறந்து காற்றை வாங்கும். நம் ஊரில் மே மாதம் நள்ளிரவிலும் புழுங்குகிறதே, அது என்ன செய்யும் பாவம்! ஊட்டியிலோ பெங்களூரிலோ இதே செடி ஜம்மென்று இருக்கும்.

ஜேட் பற்றிக் கவலை வேண்டாம். நம் நர்சரிகளில் அந்தப் பெயரில் விற்கும் சின்ன இலைச் செடி பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேயும் போர்ட்டுலகேரியா, வெயிலைத் தாங்கும். தொட்டியை மட்டும் மாற்றிவிடுங்கள். அடுத்து வாங்குவதாக இருந்தால் அடீனியம், மருள் (ஸ்னேக் பிளான்ட்), கற்றாழை, இரணகள்ளி என்று போங்கள், பிரண்டை வைத்தால் துவையலுக்கும் ஆச்சு. இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும், கூடவே எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அதுதான் பூச்சியை அடுத்த தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகும்.