800 முறை ஓடிய பாட்டுக்கு ஏன் காசு வரவில்லை?

சுயாதீன இசை: வாசகர் கேள்வி - பதில்

என் பாட்டு ஸ்பாட்டிஃபையில் பத்து மாதத்தில் 800 முறை ஓடியிருக்கிறது. கணக்கில் பூஜ்யம். பாட்டை அங்கே ஏற்றித் தந்த டிஸ்ட்ரிபியூட்டர் அமுக்கிவிட்டாரா?
- ஈரோடு வாசகர்

அவர் மேல் பழி போடாதீர்கள். கடைசி 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்று 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபை விதி வைத்திருக்கிறது. உங்கள் 800-க்கான தொகை, வரம்பைத் தாண்டிய பாட்டுகளுக்குப் போய்விடும். சின்னக் கலைஞர்களின் சில்லறையை எடுத்துப் பெரியவர்கள் பையில் போடும் வேலைதான் இது. ஆனாலும் விதி விதிதான்.

ஆயிரத்தைத் தாண்டினாலும் ‘ஒரு தடவைக்கு இத்தனை பைசா’ என்ற நிலையான ரேட் இல்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமைதாரர்களுக்குப் போகிறது. அந்த மாதம் ஓடிய மொத்தப் பாட்டுகளில் உங்களுடையது எத்தனை பங்கோ, அத்தனை பங்குதான் உங்களுக்கு. கணக்கு நாடுவாரியாக நடக்கிறது. இங்கே சந்தா மலிவு, இலவசமாகக் கேட்பவர்கள் அதிகம். அதனால் சேலத்தில் 100 பேர் கேட்பதைவிட டொரன்டோவில் 100 பேர் கேட்டால் கூடுதலாக வரும்.

மீதி 200-ஐக் காசு கொடுத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். போலி ஓட்டம் பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை அபராதத்தை டிஸ்ட்ரிபியூட்டரிடம் வசூலிக்கும். அவர் உங்கள் தலையில் கட்டுவார், அல்லது பாட்டையே எடுத்துவிடுவார். ‘10,000 ஸ்ட்ரீம் கேரன்டி’ என்று விற்பவர்களை அண்டவே வேண்டாம். அதற்குப் பதில், அடுத்த பாட்டை வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட்டு, கலைஞர்களுக்கான ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கம் வழியாக அவர்களின் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு அனுப்புங்கள். குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் (புதுப் பாட்டுகளுக்கான பிளேலிஸ்ட்) நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டே வரும். வெளியான பிறகு அனுப்ப வழியில்லை.

காசுதான் முக்கியம் என்றால் நேரடி விற்பனையையும் பாருங்கள். ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் 5 டாலருக்கு ஓர் ஆல்பம் விற்றால் அவர்கள் பங்கு 15 சதவீதம், அதாவது 75 சென்ட். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அதுவும் போக மிஞ்சுவதை ஸ்ட்ரீமிங்கில் எடுக்க ஆயிரத்துக்கும் மேல் ஓட வேண்டியிருக்கும்.

வருடச் சந்தா கட்டி அலுத்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் இதுவரை ஓடிய எண்ணிக்கை போய்விடுமா?
- மதுரை வாசகி

ஒழுங்காகச் செய்தால் போகாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து - எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு. பழைய கணக்கிலிருந்து அதைக் குறித்துவைத்து, புதிய இடத்தில் ஏற்றும்போது அதையே கொடுங்கள். ஃபைலும் அதே ஃபைலாக இருக்கட்டும். ‘போகிற போக்கில் மாஸ்டரிங்கை (இறுதி ஒலிச் சீரமைப்பு) சரிசெய்து விடலாம்’ என்று நீளம் மாறினால் வேறு பதிவாகக் கருதப்படும். தலைப்பு, கலைஞர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் புதியதை ஏற்றுங்கள். அது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் தெரிந்து, பழைய எண்ணிக்கை அதில் சேர்ந்ததைப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். பலர் தலைகீழாகச் செய்து பிளேலிஸ்ட் இடங்களைத் தொலைக்கிறார்கள்.

சீடி பேபி என்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒரு வெளியீட்டுக்கு ஒரே ஒரு முறை கட்டணம். இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டரான டிஸ்ட்ரோகிட்டில் வருடச் சந்தா. கட்டுவதை நிறுத்தினால் பாட்டும் இறங்கிவிடும். இறங்காமல் இருக்க அங்கே தனியாக ஒரு கட்டணம் உண்டு.

இணையத்தில் பீட் (தயார்ப் பின்னணி இசை) வாங்கிப் பாடினேன். என் பாட்டுக்கு யாரோ யூடியூபில் உரிமை கோரி கிளெய்ம் போட்டிருக்கிறார்கள்!
- திருச்சி வாசகர்

நீங்கள் வாங்கியது லீஸாக இருக்கும், அதாவது பயன்படுத்தும் அனுமதி மட்டும். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்றிருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் தன் பாட்டைப் பதிந்தால், பின்னணி ஒன்றாக இருப்பதால் உங்கள் வீடியோவும் மாட்டும். லைசென்ஸ் பத்திரத்தைக் காட்டி யூடியூபில் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) செய்யுங்கள். பீட் விற்றவருக்கும் எழுதுங்கள். நீங்களும் டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் கன்டென்ட் ஐடி கட்டத்தை டிக் செய்யாதீர்கள். ராயல்டி இல்லாத லூப் பேக் (தயார் இசைத் துணுக்குகள்) பயன்படுத்தியவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நான் வரிகள் மட்டும் எழுதினேன். ‘ஸ்ட்ரீமிங் பணம் பாடகருக்குத்தான்’ என்கிறார்கள். சரியா?
- நாகர்கோவில் வாசகர்

பாதி சரி. டிஸ்ட்ரிபியூட்டர் வசூலிப்பது ஒலிப்பதிவுக்கான பணத்தை. வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி தனி வழியில் வருகிறது. இந்தியாவில் அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். உறுப்பினராகி, பாட்டைப் பதிந்து, உங்கள் சதவீதத்தையும் ஐ.எஸ்.ஆர்.சி.யையும் குறிப்பிடுங்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, ராயல்டியில் உங்களுக்குள்ள சமபங்கை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வெளியீட்டுக்கு முன்பே பங்கு விவரத்தை ஒரு தாளில் எழுதி அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

சத்தமாக மாஸ்டர் செய்தும் ஸ்பாட்டிஃபையில் அடங்கிக் கேட்கிறதே?
- சென்னை வாசகர்

வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் அவர்கள் ஏறக்குறைய -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் -8-இல் கொடுத்தால் 6 டெசிபல் குறைக்கப்படும். உச்சச் சத்தத்தை அடக்கும் லிமிட்டரில் நசுங்கிய டிரம்ஸ் நசுங்கியபடியே இருக்கும். உச்ச அளவை -1 டெசிபலுக்குக் கீழே வையுங்கள், -14-ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் -2.